சீனியின் பிறந்த தேதி

12.08.2009, புதன்

மகள் றிஹானா மாப்பிள்ளையிடம் அவுஸ்திரேலியா போகும்போது பூனை சீனியையும் கொண்டுபோகிறாள். அங்கே முதலில் அதைத் தனியே அடைத்துவைத்துச் சோதிப்பார்களாம். அதற்கான படிவத்தைக் கல்முனையில் மிருக வைத்தியர் இன்று நிரப்பினார்.

"எப்ப பிறந்தது?"

"கடல் வந்த அண்டைக்கி" என்றாள் றிஹானா.

எந்தத் தேதி என்று அவர் கேட்கவில்லை. 26.12.2004 என்று எழுதிவிட்டார்.

வெளியே வந்ததும், "அண்டைக்கே அது எலி பிடிக்கிற பூனைதானே மகள்" என்றேன்.

"அண்டைக்கித்தானே வாப்பா அது எனக்கிட்ட வந்த. கூரையில ரெண்டு பேரும்தான் இருந்த."

பல்லைப் பார்த்தே வயது சொல்லலாமாம். அங்குள்ள வைத்தியர் சீனியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று கேட்பாரா? கேட்டால், தன் உம்மாவைக் கடைசியாகக் கண்டதையும் றிஹானா சொல்ல வேண்டிவரும்.

அன்று நான் கொழும்பில் இருந்தேன். என்னிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.