சாமானுக்குக் காவல் இருந்த நைனாவுக்கு

பிடிவாதத்தையே மூன்று வேளையும் சாப்பிட்டு வாழ்ந்த என் நைனாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. முதல் ஆறு மாதம் உன்னை நினைத்தால் அழுகை வந்தது. இப்போது கோபம் வருகிறது. நம் வீட்டுக்கு அழுகையைவிடக் கோபம்தான் பழக்கம் என்பதால், தைரியமாக எழுத உட்கார்ந்துவிட்டேன். அம்மா பார்த்தால், "செத்த மன்ஷனயும் உட மாட்டியாடி நீ" என்பாள். விடுவதாக இல்லை.

முதலில் ஊர்ச் சேதி. கள்ளிக்குப்பத்தில் நம் கிணற்றை மண்ணடித்து மூடிவிட்டார்கள். அதன்மேல் யாரோ வீட்டுக்குக் கடைக்கால் போட்டிருக்கிறார்கள். தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. அப்புறம், போன வாரம் நான் கொச்சிக்குப் போய்ப் பந்தயத்தில் கலந்துகொண்டு வந்தேன். தனியாக.

ஆமாம், தனியாகத்தான். திருமுல்லைவாயிலிலிருந்து அத்தை வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பொட்டப் புள்ள தனியா ரயிலேறிப் போறதா? எங்கண்ணன் இருந்த வரைக்கும் கூடவே போச்சு, கூடவே வந்துச்சு" என்று புலம்பினாள். கூடவே வந்தாய், இல்லையென்று சொல்லவில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதானே. எல்லா வெளியூருக்கும் கூடவே வந்தாய், ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நியாயம் சொல்லட்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற பந்தயத்துக்கு டிரையத்லான் என்று பெயர். அது உன் வாயில் நுழையவில்லை, கடைசிவரை 'மூணு பந்தயம்' என்றுதான் சொன்னாய். காலேஜ் பி.டி. மேடம் என்னை அதில் சேர்த்துவிட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கிணற்றில் நீந்துவேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய உனக்குச் சாப்பாடு கொண்டுவரத் தினமும் சைக்கிள் மிதிப்பேன், ஓட்டத்தில் முதலில் வருவேன். இந்த மூன்றும் தெரிந்த பெண்கள் அப்போது அவர் கைக்குக் கிடைக்கவில்லை.

முதல் பந்தயம் மெரினாவில். நீ முடிவுக்கோட்டுப் பக்கத்தில் வந்து நின்றாய். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தேன். நீ கைதட்டினாய். சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் காற்றடிக்கிற பம்பு இல்லை, என் செருப்பு இல்லை, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுத் தூக்கும் இல்லை.

அன்றைக்குப் பிடித்தது சனி. வெளியூர்ப் பயணத்தில் நம் ஆட்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் தண்ணீர் பிடிக்க இறங்கினால் இன்னொருத்தர் சாமான் பக்கத்தில் உட்கார வேண்டும், வேட்டிக்குள் எறும்பு போனாலும் எழுந்திருக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை நீ பந்தயத்துக்கும் கொண்டுவந்துவிட்டாய். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் கோட்டுப் பக்கம் வரவில்லை. "சாமான யாரு பாத்துக்கிறது?" என்பாய், பேச்சு முடிந்துவிடும். ஆக, நீ என்னைக் கண்ணால் பார்த்த ஒரே பந்தயம், நான் கடைசிக்கு முந்தி வந்தது. இது நியாயமா நைனா?

பெங்களூர்ப் பயணத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். அம்பத்தூரில் காய்கறிக் கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில் சைக்கிளை ஏற்றி சென்ட்ரலுக்குப் போனோம். அங்கே பெடலைக் கழற்றி, சாக்கு சுற்றி, சரக்குப் பெட்டியில் போட்டோம். அதோடு விட்டாயா? அரக்கோணத்தில் இறங்கி ஓடினாய், காட்பாடியில் இறங்கி ஓடினாய், யாராவது நம் சைக்கிளை இறக்கிவிடுகிறார்களா என்று பார்க்க. ஜோலார்பேட்டையில் வண்டி நகர்ந்துவிட்டது, நீ ஏறவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்துபோய்த் தேடவும் முடியாது, பக்கத்தில் பை இருக்கிறதே. குப்பம் தாண்டியபிறகு, எங்கேயோ பின்பெட்டியில் தொற்றி ஏறியிருந்த நீ மூச்சு வாங்க வந்து நின்று, "சைக்கிளு பத்திரமா கீது" என்றாய். நான் பத்திரமாக இருக்கிறேனா என்று கேட்கவில்லை.

அங்கே ஏரியில் நீச்சல். நேராகப் போகவேண்டியவள் இடது பக்கமாகவே வளைந்து வளைந்து போனேன். படகிலிருந்தவர் மூங்கிலை நீட்டி, கன்னடத்தில் கத்திக்கத்தி என்னைத் திருப்பிவிட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. மேலேயிருந்து பையன்கள் குதிப்பார்கள் என்று பயந்து, நம் வட்டக் கிணற்றில் சுவரோரமாக ஒரே பக்கமாய்ச் சுற்றிச் சுற்றி நீந்திப் பழகியவள் நான். எனக்கு நேராக நீந்தவே தெரியாது.

ஐந்தாவதாக வந்தேன். சைக்கிள் பக்கத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த நீ, "இன்னா ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லு" என்றாய். திரும்பும் வழியெல்லாம் ஒன்று விடாமல் சொல்லவைத்தாய். மூங்கில் கதையைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "செக்குமாடு கணக்கா சுத்திகினு இருந்தியா?" என்றாய். பக்கத்து சீட்டுக்காரர்களும் சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து எஸ்டேட் கேட்டில் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். டீக்கடையில் நீ, உன்னோடு வேலை செய்கிற தாஸ் அண்ணனிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாய். "கடசி ஒரு மைலு மாமே. எம் பொண்ணு எப்டி வந்துச்சுன்ற? முன்னாடி போனவ ரெண்டு பேரயும் அப்டியே முந்திகினு, திரும்பிக்கூட பாக்கல." அவர் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ எங்க நைனா பாத்த? சைக்கிளத்தான பாத்துகினு இருந்த?"

"நீ சொன்ன இல்ல. அப்பறம் இன்னா?" என்றாய், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

இப்படியே ஐதராபாத், மங்களூர், கோவா. எல்லா இடத்திலும் நீ சாமானோடு உட்கார்ந்திருந்தாய். எல்லாப் பந்தயமும் என் வாய் வழியாக உன்னிடம் வந்து, உன் வாய் வழியாக டீக்கடைக்குப் போனது. சைக்கிளைப் பார்த்துக்கொள்ள வாலண்டியர் இருக்கிறார்கள், கையில் பட்டை கட்டியிருக்கிறார்கள் என்று எத்தனை தடவை சொன்னேன். "அவன் யாரு, எவன் ஊட்டுப் புள்ள, நமக்கு இன்னா தெரியும்?" என்றாய். உன்னோடு பேசுவதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்றுதான்.

அதனால்தான் விசாகப்பட்டினம் கிளம்பும் முன்னால் உன்னிடம் சத்தியம் வாங்கினேன். "இந்த தபா நான் நல்லா பண்ணுவேன்னு தோணுது. ஒரே ஒரு தபா கோட்டாண்ட வந்து நில்லு, நைனா" என்று கேட்டேன். "நிக்கிறேன் செல்வி. சாமி சத்தியமா நிக்கிறேன்" என்றாய். என் கையில் அடித்துச் சொன்னாய்.

நான் இரண்டாவதாக வந்தேன். பத்திரிகைக்காரர் ஒருவர் முதல் மூன்று பேரையும் அவரவர் வீட்டாரோடு சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார். ஒருத்திக்கு அப்பா, ஒருத்திக்கு அம்மாவும் அண்ணனும். "உங்கள் வீட்டார் எங்கே?" என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன். எனக்கா தெரியாது?

சைக்கிள் நிறுத்திய இடத்துக்கு நேராக வந்தேன். நீ கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றுகொண்டிருந்தாய். "அந்த வாலண்டியர் ஆளு டீ குடிக்கப் போயிட்டாம்மா. நாப்பது சைக்கிளு அநாதையா கீது. எப்டி உட்டுட்டு வர்றது?" என்றாய். நாற்பதுக்கும் நீ காவல். அத்தோடு நிறுத்தினாயா? "சரி, இன்னா ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லு" என்றாய்.

"சொல்ல மாட்டேன். உனக்கு நான் முக்கியமா, சைக்கிளு முக்கியமா?"

"சைக்கிளு பூட்ச்சின்னா நீ எதுல போவ?" என்று உண்மையாகவே கேட்டாய். அந்த முகத்தை எனக்கு அறைய வேண்டும்போல இருந்தது, மன்னித்துக்கொள்.

ரயிலில் நான் வாயைத் திறக்கவில்லை. கூடூரில் இறங்கி இட்லி வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாய். தொடவில்லை. "எத்தினியாவதுன்னாவது சொல்லேன்" என்றாய். மெடலைப் பைக்கு அடியில் துணியோடு துணியாகச் சுருட்டி வைத்திருந்தேன். இரண்டாவது என்பதை வீட்டுக்கு வந்தபிறகு அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய். பத்து நாள் விடாமல் கேட்டாய், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாய். நானாகச் சொல்வேன் என்று நீ இருந்தாயா? நீ மறுபடி ஒரு தடவை கேட்டால் சொல்லிவிடலாம் என்று நான் இருந்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம், மெஷின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை.

காரியத்தன்று தாஸ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனச்சிக்காத பாப்பா. உங்க நைனா எல்லா ஊரு பந்தயத்தையும் எங்களுக்கு சொல்லிச்சு. அந்த விசாகப்பட்டணத்துக்கு மட்டும் வாயே தொறக்கல. நாங்களும் கேட்டுப் பாத்தோம். எனக்கே இன்னும் வந்து சேர்லடான்னுச்சு. இன்னா ஆச்சு அங்க?" என்று கேட்டார். நான் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கதை அளந்திருக்கலாமே நீ. இரண்டாவது என்று தெரியும், கடல் தெரியும், மேடு தெரியும். மீதியை நீயாகவே இட்டுக்கட்டி டீக்கடையையே சிரிக்கவைத்திருக்கலாம். மற்ற நேரமெல்லாம் எட்டு ஊருக்குப் பேசுவாய், இதில் மட்டும் உனக்கு என்ன யோக்கியம் வேண்டியிருந்தது? நான் சொல்லாமல் ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டாய் என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

கொச்சிக்குப் போகும்போது பாத்ரூம் போக எதிர் சீட்டு அம்மாவிடம், "சாமான் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கேட்க எனக்கு ஈரோடு வரை ஆனது. அதற்கு முன்னால் ஜோலார்பேட்டையில் பையையும் தூக்கிக்கொண்டு நானே இறங்கி சரக்குப் பெட்டிக்கு ஓடினேன், உன்னைத் திட்டிக்கொண்டே. பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். கோட்டைத் தாண்டியதும் மற்றவர்களெல்லாம் அங்கேயே நின்று தங்கள் ஆட்களைக் கட்டிக்கொண்டார்கள். என் கால் பழக்க தோஷத்தில் சைக்கிள் பக்கம் போய்விட்டது. சைக்கிள் இருந்தது, பை இருந்தது, ஒரு சாமானும் குறையவில்லை. "இன்னா ஆச்சு, முதல்லேர்ந்து சொல்லு" என்று கேட்க அங்கே ஒருத்தரும் இல்லை. பார்த்தவர்கள் கேட்பதில்லை நைனா. பார்த்தாயிற்றே, அப்புறம் என்ன கேள்வி? அங்கே உட்கார்ந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி. உட்கார். விசாகப்பட்டினத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

அலை அன்றைக்கு ஆளை உருட்டியது. நான் இடது பக்கம் சாய்வேன் என்று தெரியும். அதனால் எட்டுக் கை வீச்சுக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, எதிரே இருந்த மலையைப் பார்த்துப் பார்த்துப் போனேன். வளையவே இல்லை, படகுக்காரருக்கு வேலையே இல்லை. ஏழாவது ஆளாகக் கரையேறினேன். மேட்டில் சைக்கிள் செயின் கழன்றுகொண்டது. நீ லேத்தைத் திட்டுகிற அதே வார்த்தையைச் சொல்லி மாட்டினேன், உடனே மாட்டிக்கொண்டது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடவில்லை, அம்மாவிடம் சொல்லாதே. ஓட்டம் தொடங்கும்போது நாலாவது. கடைசி ஒரு மைலில் இரண்டு பேரைத் தாண்டினேன். முன்னால் ஒரே ஒருத்தி, பூனாக்காரப் பெண். அவளையும் பிடித்துவிட்டேன் நைனா. கோட்டுக்கு நூறடி இருக்கும்போது நான்தான் முன்னால் இருந்தேன்.

அப்போது உன் நீலச் சட்டை எங்கே என்று தேடினேன். வலது பக்கக் கூட்டத்தைப் பார்த்தேன், இல்லை. இடது பக்கம் பார்த்தேன், அங்கேயும் இல்லை. மறுபடி வலது பக்கம் திரும்பினேன். அதற்குள் அவள் என்னைத் தாண்டி மூன்றடி முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ தாங்க மாட்டாய் என்றெல்லாம் இல்லை, உன்னைப் பழிவாங்கத்தான் சொல்லவில்லை. பழிவாங்கி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய்.

அடுத்த பந்தயம் மறுபடி ஐதராபாத். இதோ உனக்கு நான் கையில் அடித்துச் சொல்கிறேன், சாமானை நான் பார்த்துக்கொள்கிறேன். சைக்கிளும் பையும் போனால் போகட்டும், நீ கோட்டாண்ட வந்து நில். வலமா இடமா என்று சொல்லவேண்டாம். நீ நிற்கிறாய் என்றே வைத்துக்கொண்டு, இந்தத் தடவை தேடாமல் ஓடிவருகிறேன்.

கோபம் இன்னும் தீராத உன் மூத்த பொண்ணு,
செல்வி