மாணிக்கம்மாளின் தோள்வலி

புதூர்நாடு,
2025 நவம்பர் 9.
இன்றோடு எனக்கு எழுபத்து நான்கு வயதும் நான்கு மாதமும்.

அன்புள்ள ஆனந்திக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று தெரிந்தே எழுதுவதால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பதையும், படபடப்பு சற்றுக் குறைந்ததும் மாத்திரையை நீயாகவே நிறுத்தியதையும், தொடைவலி தீர ஜிம்மில் சேர்ந்திருப்பதையும் புடவை வாங்கிய செய்தி போல ஒரே மூச்சில் சொன்னாய். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்ட டாக்டரிடம், எங்கம்மா கல்லு மாதிரி இருக்காங்க என்றாயாம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது நடக்காது.

சுரப்பு மிகுந்தால் தசை கரையும். கரைகிற தசையை வைத்து இரும்பு தூக்காதே. அளவு இறங்கும்வரை சமதரையில் மெல்ல நட, களைக்கும் முன் உட்கார், பருப்பையும் முட்டையையும் குறைக்காதே, வலிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், கடையில் கிடைக்கும் வலி மாத்திரையைக் கேட்காமல் விழுங்காதே. நிறுத்திய மருந்தைப் பற்றி நாளைக்கே டாக்டரிடம் போய்ச் சொல். மறுபடி தொடங்கியபின் மூட்டு புதிதாக வலித்தாலோ, காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தாலோ அன்றே அவரிடம் போ.

நீ அனுப்பிய படத்தைப் பக்கத்து வீட்டுச் செந்தாமரையிடம் காட்டினேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டு, "இன்னாம்மா, பொண்ணு கண்ணுல அம்மன் எறங்கினாப்புல கீது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இதே பேச்சை இதே ஊரில் என் தங்கை மாணிக்கம்மாளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். சின்னம்மா என்று நீ படத்தில் மட்டும் பார்த்தவள். திருப்பத்தூர்க் கல்லூரியில் நான் பாடம் நடத்திய காலம், விடுமுறைக்கு வந்து பார்த்தால் அவளுக்கு விழி பிதுங்கியிருந்தது, விரல் நடுங்கியது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, தலை பின்னக் கை உயரவில்லை. "தோள்மேல அம்மன் குந்திக்கினு கீறா, வலிக்காதா பின்ன" என்றது ஊர். அவள் மெலிய மெலிய, குறி கேட்க வந்த கூட்டம் பெருத்தது. அவளோ என்னிடம், "அக்கா, எனக்கு சாமியெல்லாம் ஒண்ணும் வர்ல, மாருதான் அடிச்சிக்கினே கீது" என்றாள். வேலூருக்குப் போக ஜீப் பேசினேன். ஆடித் திருவிழா முடியட்டும் என்று மறித்தார்கள். அம்மன் இல்லாமல் திருவிழாவா என்று சிரித்தார்கள். எழ முடியாதவள் அன்று உடுக்கைச் சத்தத்துக்கு எழுந்து ஆடினாள். யார் பிடித்தும் நிற்கவில்லை. பிறகு விழுந்தாள். அம்மன் கூட்டிக்கொண்டாள் என்று ஊர் கைகூப்பியது. பின்னர் வேலூரில் ஒரு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தைராய்டு முற்றி இதயத்தைத் தாக்கியிருக்கும், குடும்பத்தில் தொடரக்கூடியது, அவளுக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டார்.

நீ என்னைவிட அதிக காலம் இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் அவ்வளவுதான். டாக்டரிடம் நீ சொன்ன பதில் தவறு, அதைத் திருத்து. பெற்ற தாய்க்கு இருந்தது, அதனால்தான் இறந்தாள் என்று சொல். மாணிக்கம்மாள்தான் உன்னைப் பெற்றவள். கூப்பிடும் முறையை மட்டும் மாற்றாதே, இந்த வயதில் பெரியம்மா என்றால் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா
ஈஸ்வரி