கருப்புத் திராட்சை தின்ற நாக்கு

2005 பிப்ரவரி, ஞாயிறு இரவு

போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். இது ராசு மாமா கண்ணில் பட்டுவிடக் கூடாது.

இன்று திராட்சை பறிக்கும் பெண்கள் சங்கத்தில் தேர்தல். தலைவராக இருந்த ராசு மாமாவை எதிர்த்து அம்மா நின்றாள். மாமாதான் கங்காணி. தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் யாரை ஏற்றுவது என்பதும் அவர் கையில். அதனால் யார் ஓட்டு யாருக்கென்று தெரியாமலிருக்க அம்மா ஒரு வழி சொன்னாள். ஆளுக்கு ஒரு பச்சைத் திராட்சை, ஒரு கருப்பு. அம்மாவுக்கென்றால் பச்சையையும் மாமாவுக்கென்றால் கருப்பையும் பானைக்குள் போட வேண்டும். மற்றதை அங்கேயே தின்றுவிட வேண்டும்.

செல்லத்தாயி அத்தை முதலில் போட்டுவிட்டு வந்தாள். மாமா சிரித்தார்.

"ஏ செல்லத்தாயி, நாக்கை நீட்டு, பாப்போம்."

கருப்பைத் தின்றால் நாக்கில் சாயம் ஒட்டும்; கருத்த நாக்கு என்றால் ஓட்டு அம்மாவுக்கு. தினமும் திராட்சையிலேயே கிடப்பவர்கள், ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. அம்மா முகம் செத்துப்போனது.

அத்தை வாயைத் திறக்காமல் திராட்சைக் கூடைக்குப் போனாள். ஒரு கருப்புக் குலையை உருவி வாய் நிறைய அடைத்து மென்றாள்.

"பசி அண்ணே. இப்பப் பாருங்க" என்று முழு நாக்கையும் நீட்டினாள்.

அப்புறம் ஓட்டுப் போட்ட எல்லோரும் கூடையில் கை வைத்தார்கள். மாமாவின் மனைவியே, "எனக்கும் ஒரு கொத்து குடு ஆத்தா" என்றாள்.

அம்மா ஜெயித்துவிட்டாள். நாளைக்கு ஜீப் எங்கள் வாசலில் நிற்குமா என்று கேட்டேன்.

"நிக்காட்டி எல்லாரும் எறங்கிருவோம்னு சொல்லிருக்காக. தூங்குடி" என்றாள் அம்மா.

கண்ணாடியில் பார்த்தேன். ஓட்டில்லாத என் நாக்கும் கருப்புதான். பல் விளக்காமலே படுக்கிறேன்.