வீட்டுக்குப் போகச் சொல்லும் அறிவித்தல்

மேசையில் அறிவித்தல் சொல்லும் கைமைக் கிடக்கிறது. அதை வாயருகே பிடித்தால் தைலம் மணக்கிறது. உம்முடைய தைலம்தான். தடிமன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூக்கிலும் தொண்டையிலும் பூசிக்கொண்டு, "தொண்டைதான் எனக்குச் சோறு போடுறது" என்பீர். நீர் போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. அந்தப் பிளாஸ்ரிக் வாய்க்குள் மணம் இன்னும் போகவில்லை. ஒருவரும் அதைக் கழுவவும் இல்லை. எங்கள் அனர்த்த முகாமைத்துவ அலுவலகம் அப்படித்தான், உமக்குத் தெரியாததா.

இந்தக் கிழமை கடலில் தாழமுக்கம். கொழும்பிலிருந்து முதலில் மஞ்சள் அறிவித்தல் வந்தது, பிறகு செம்மஞ்சள், நேற்று முன்தினம் காலையில் சிவப்பு. மலையகத்துக்கு மண்சரிவு, கிழக்குக் கரைக்குக் காற்று, முல்லைத்தீவில் ஒருவரும் கடலுக்கு இறங்கக்கூடாது, எங்கள் கிளிநொச்சிக்கு வெள்ளம். நீர் இருந்திருந்தால் சுவரில் தொங்கும் நாட்டு வரைபடத்துக்கு முன்னால் நின்று, "எல்லாருக்கும் பங்கு வைச்சிருக்கினம், எங்களுக்குத் தண்ணிப் பங்கு" என்று பகிடி விட்டிருப்பீர். பிறகு வழக்கமான கேள்வி: "மழை பெய்யுமோ எண்டு கொழும்பு சொல்லும். பூமணியக்கா வெளிக்கிடுவாவோ எண்டு ஆர் சொல்லுறது?"

பூமணியக்காவை முதன்முதலில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கண்டோம். வேலைக்கு வந்த முதல் மாரி. குளம் நிரம்பி, பின்னேரம் வான்கதவு திறக்கப்போகிறார்கள். அதற்குள் உருத்திரபுரத்தில் வாய்க்கால் கரை ஒழுங்கையில் இருப்பவர்கள் எல்லாரும் வெளியேற வேண்டும். ஜீப்பில் இருந்தபடி நான் தாளில் உள்ளதை அப்படியே வாசித்தேன்: "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்கு இடம்பெயருமாறு..."

ஒருவரும் அசையவில்லை. பூமணியக்கா மட்டும் படலையடிக்கு வந்தார்.

"பிள்ளை, அந்தக் கதையை இஞ்சை கதையாதை. நாங்கள் இடம்பெயர்ந்து முடிச்ச ஆக்கள். சண்டைக்குக் கடைசியா வெளிக்கிடேக்கை மாட்டை அவிட்டு விட்டிட்டுத்தான் போனனான். ரண்டு நாளிலை திரும்பலாம் எண்டவை. வரேக்கை மாடுமில்லை, வீடுமில்லை. இந்த முறை நான் அவிழ்க்கமாட்டன்."

அவருக்குப் பின்னால் மாடுகள் முருங்கையில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. வெள்ளம் வரும்போது மாட்டைக் கட்டிவைப்பது வேறெங்கும் செய்யாத பிழை, நின்ற இடத்திலேயே மூழ்கிச் சாகும். ஆனால் அவிழ்த்துவிட்ட மாடு திரும்பாது என்று அந்த ஒழுங்கை முழுவதும் பட்டுப் படித்திருந்தது. மாட்டை விட்டுவிட்டு ஆட்களும் வரமாட்டார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். சட்டம் பேச வாயெடுத்தேன். நீர் முழங்கையால் இடித்து மைக்கைப் பறித்தீர்.

"ஒருத்தரும் இடம்பெயர வேண்டாம். மாட்டைக் கயிறோடை பிடிச்சுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ. தண்ணி வடிஞ்ச உடனை நானே இதே மைக்கோடை வந்து, வீட்டை போங்கோ எண்டு சொல்லுவன். சொல்லாட்டி என்ரை தலைமயிரைப் பிடிச்சு இழுங்கோ!"

ஒழுங்கை சிரித்தது. பூமணியக்கா முருங்கையடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

பள்ளிக்கூட வாசலில் அதிபர் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். "இது பள்ளிக்கூடமோ, மாட்டுப் பட்டியோ?"

"மாடு நிண்டாத்தான் சேர் ஆக்கள் நிப்பினம். சாணியை நான் அள்ளுறன்" என்றீர். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அள்ளவும் செய்தீர். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வடிந்த அன்று நீர் மறுபடியும் மைக்கை எடுத்தபோது நான் சிரித்தேன். "வடிஞ்சது அவைக்குத் தெரியாதோ? கண் இல்லையோ?" என்றேன். எங்கள் கோப்பில் வெளியேறச் சொல்லும் அறிவித்தல் இருந்தது, திரும்பிப் போகச் சொல்லும் அறிவித்தல் இல்லை. முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி நீர். கடல் பொங்கியதுக்கும் ஓடி, சண்டைக்கும் ஓடிய குடும்பம். அன்றுதான் நீர் கோபித்ததைப் பார்த்தேன்.

"நீரும் அகதி முகாமிலை இருந்தனீர்தானே? போ எண்டு சொல்ல எத்தினை பேர் வந்தவை! வீட்டை போ எண்டு ஒருத்தனாவது தேடிவந்து சொன்னவனோ?"

இல்லை. ஒருவரும் வரவில்லை. நான் ஜீப்பில் ஏறினேன்.

அதற்குப் பிறகு எத்தனை மாரி, எத்தனை முறை சாணி. ஒவ்வொரு முறையும் நீர்தான் கூட்டிப் போனீர், நீர்தான் திரும்ப அனுப்பினீர். பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். "வெட்டி எடுத்தாச் சரி, வந்திடுவன்" என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர், வரவில்லை. போன மாரியில் மழை பொய்த்தது. மைக்கும் அலுமாரியை விட்டு இறங்கவில்லை.

நேற்று முன்தினம் தனியாகத்தான் போனேன். எல்லார் போனுக்கும் அறிவித்தல் போயிருந்தது. ஆனாலும் சனம் படலையடியில் மாடும் கயிறுமாக நின்றது. "மெசேஜ் காலமையே வந்திட்டுது. உங்களைத்தான் காணேல்லை" என்றார்கள். பூமணியக்காவின் மாடுகள் மட்டும் முருங்கையடியில்.

"மற்றப் பிள்ளை எங்கை?"

சொன்னேன். அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"அவா சொன்னதாலைதான் அண்டைக்கு நான் அவிட்டது. இனி ஆர் வந்து எங்களை வீட்டை போகச் சொல்லுறது?"

வான்கதவு திறக்க அதிக நேரம் இல்லை. ஒழுங்கை முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் வராமல் இருந்துவிட்டால் இன்னும் நாலு வீட்டுக்காரரும் இருந்துவிடுவார்கள். உம்மைப் போலப் பகிடி விட எனக்கு வராது.

"நான் வந்து சொல்லுவன் அக்கா."

"நீ கோவக்காரி."

"கோவத்தோடையே வந்து சொல்லுவன். இல்லாட்டி என்ரை தலைமயிரைப் பிடிச்சு இழுங்கோ."

நரைத்துக் கொட்டுண்ட என் தலையை நிமிர்ந்து பார்த்தார். "உன்ரை தலையிலை பிடிச்சிழுக்க என்ன கிடக்கு" என்றபடி எழும்பி, கயிற்றை அவிழ்த்தார்.

இன்று காலை வான்கதவைப் பூட்டினார்கள். முதலில் ஒழுங்கைக்குப் போய் ஒவ்வொரு வீட்டு வளவாகப் பார்த்தேன். பிறகு பள்ளிக்கூட வாசலில் நின்று மைக்கை வாயில் வைத்தேன். தைலம் குப்பென்று ஏறியது. அழுகை வந்தது, ஒளிக்கவில்லை. இந்த உலகத்தில் திரும்பி வரச் சொல்ல எனக்கு மிக விருப்பமான ஆளுக்கு இந்த மைக் எட்டாது.

"தண்ணி வடிஞ்சிட்டுது. எல்லாரும் வீட்டை போங்கோ. பூமணியக்கா, உங்கடை சமைக்கிற குசினி விழுந்திட்டுது. வீடு நிக்குது."

"குசினிதானே!" மாடுகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "நீ ஏன் அதுக்கு அழுறாய்? வா, கயித்தைப் பிடி."

ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வீடுவரைக்கும் நடந்தேன். மைக்கை இனியும் கழுவ விடமாட்டேன்.