வீட்டில் தங்கியிருக்கும் அந்த அம்மாள்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. இங்கே அப்பா சுகம், நான் சுகம், அப்பா கணக்கில் என்னைப் போலவே இருக்கும் இன்னொரு அம்மாளும் சுகம். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். மின்விசிறி துடைக்க ஏணியில் ஏறி அப்பா விழுந்ததும், மண்டைக்குள் ரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உனக்குத் தெரியும். வீடு திரும்பிய பிறகு நடந்ததைத்தான் மறைத்துவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தவர், நீங்க யாரு, என் வீட்டுக்காரி எங்கே என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'நீங்க' என்றது அன்றுதான். டாக்டரம்மா விளக்கினார்: மூளையில் முகத்தை அடையாளம் காணும் இடத்தில் பழுதில்லையாம், பார்த்ததும் 'இது நம்ம ஆள்' என்று மனசு சொல்லுமே, அந்த இணைப்புதான் அறுந்துவிட்டதாம். முகம் தெரிகிறது, நெருக்கம் வரவில்லை, ஆகவே ஆள்மாறாட்டம் என்று மூளையே தீர்ப்பு எழுதிவிடுகிறது. வாதாடாதீர்கள் என்றார். வாதாடாமல் குடும்பம் நடத்த இந்த வயதில் பழகுகிறேன்.

உன் அப்பாவோ வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர், சும்மா இருப்பாரா. என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அசலைவிடச் சுத்தமாக இருக்கிறது, இதிலேயே மாட்டிக்கொண்டீர்கள் என்றார். கன்னத்து மச்சத்தைக் காட்டினேன், வேலைப்பாடு பிரமாதம் என்று பாராட்டினார். மற்றபடி தங்கமான மனிதர். காபி கொடுத்தால் நன்றி சொல்கிறார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறார். பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும், தப்பா நினைக்காதீங்கம்மா, நான் குடும்பஸ்தன் என்று எழுந்துவிடுகிறார்.

போன வாரம் என் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். வீட்டுக்காரி வந்தால் என்ன நினைப்பாள், கிளம்புங்கள் என்று வாடகைக் காரும் வரவழைத்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். வேறு வழி தோன்றாமல் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவருக்குப் போன் செய்தேன். முகம் எதிரே இல்லாவிட்டால் குரலை நம்புகிறார் போலிருக்கிறது. ஹலோ என்றதும், எங்கடி போய்த் தொலைஞ்சே என்று பழைய பாஷையில் ஆரம்பித்தார். காது குளிர்ந்தது. ஊரில் என் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, அவளோடு இருக்கிறேன், வர நாளாகும், அந்த அம்மாளை நான்தான் அனுப்பினேன், துரத்தாதீர்கள் என்று எனக்கு நானே சிபாரிசு செய்தேன். அவர் அந்த அம்மாளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி, "நீ சொன்னா சரி, இருக்கட்டும். ஆனா சீக்கிரம் வந்துடு. அவங்களைப் பார்க்கப் பார்க்க உன் ஞாபகமாவே இருக்கு" என்றார். நான் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவி, மெதுவாகத்தான் வெளியே வந்தேன். கார் போயிருந்தது. பெட்டியை அவரே உள்ளே தூக்கி வந்து, மன்னிச்சுக்குங்கம்மா என்றார்.

இப்போது தினமும் சாயங்காலம் குளியலறையிலிருந்து அவரோடு பேசுகிறேன். அந்த அம்மாள் வைக்கும் குழம்பில் உப்பு அதிகம் என்று என்னிடமே புகார் செய்கிறார். நீ வரும்போது தடாலென்று உள்ளே நுழையாதே, வாசலில் நின்று முதலில் போன் செய். நேரில் பார்த்து உன்னையும் போலி என்றால் மனசு உடைந்துவிடாதே, உபசாரத்துக்குக் குறைவிருக்காது. பார்த்த மாத்திரத்தில் சண்டை போடத் தோன்றுகிற அளவுக்கு ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழுங்கள். மாப்பிள்ளையை ஏணியில் ஏற விடாதே.

இப்படிக்கு,
இன்னும் ஊர் திரும்பாத
உன் அம்மா