பின்சக்கரத்துக்கு இருபத்தெட்டுப் பல்

மல்லசமுத்திரம்
ஐப்பசி 26

என் கண்ணு சண்முகப்பிரியாவுக்கு அம்மா சென்னியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும், கட்டுத்தரையில் இரண்டு மாடும் ஒரு கன்றும், எப்படியோ நல்லபடி இருக்கிறோம். ஸ்வீடன் குளிரில் நீயும் காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு, நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிட்டு, காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உங்கப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் பற்றி அவர் காதுபட என்னத்தைப் பேசுவது. எனக்கோ யாரிடமாவது சொல்லியாக வேண்டும், ஒரு மாதமாக நெஞ்சில் வைத்துக்கொண்டே மாட்டுக்குத் தீவனம் போடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. காலேஜில் படிக்கும்போது நீயும் உன் கூட்டாளிப் பெண்களும் போட்டிக்கென்று செய்தீர்களே ஒரு குட்டிக் கார், கடன் வாங்கிய இஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் இரும்புச் சட்டத்தை நம் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனாயே, அந்த கோ-கார்ட்டை உங்கப்பா எடுத்துவிட்டார். உன்னைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. போன வருஷம் ஆவணியில் சத்தீஸ்கரில் போர்வெல் போடப் போன இடத்தில் துளை போடுகிற இரும்பு ராடு சரிந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போனதிலிருந்து அவர் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். செயற்கைக் கால் உராய்ந்து புண்ணாகிறது என்று ஆணியில் மாட்டிவிட்டார். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு வாசல் வரை வருவார், ரோட்டில் யாராவது வந்தால் உள்ளே போய்விடுவார். நீ பேட்டரி மூன்று சக்கர வண்டி வாங்கி அனுப்புகிறேன் என்றபோது வேண்டாம் என்றாரே, போனை வைத்த பிறகு என்னிடம், அது நோவாளி வண்டி, அதுல நா ஏற மாட்டேன் என்றார். இருபத்திரண்டு வருஷம் போர்வெல் ரிக் வண்டி ஓட்டின மனுஷன், நான் என்ன சொல்லட்டும். புரட்டாசி பிறந்ததும் ஒருநாள் ஊன்றுகோலோடு கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டு உன் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் ராசுவை வரச் சொல்லிவிட்டார். ராசுவை நினைவிருக்கும், அவரோடு ரிக்கில் மெக்கானிக்காகப் போனவர், இப்போது வையப்பமலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார்.

எந்த இஞ்சினைப் பூட்டுவது என்பதில்தான் சண்டை. ராசு வீட்டில் ஒரு பழைய பைக் இஞ்சின் கிடந்தது, உங்கப்பாவுக்கு அதுதான் வேண்டும். பைக்கில் கியரை இடது காலால் அல்லவா போட வேண்டும் என்று ராசு மெதுவாகச் சொன்னார். கையில போடறேன், ஒரு கம்பிய வெல்டு வச்சுக் குடு, கியரில்லாதது ஒரு வண்டியாடா என்று கேட்டார் இவர். கிளட்சுக்கும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பிடி வைத்தார்கள். நான் மோர் கொண்டுபோனவள் சும்மா வந்திருக்கலாம். கிளட்சுக்கு ஒரு கை, கியருக்கு ஒரு கை, ஸ்டியரிங்க ஆருங்க புடிக்கறது என்று கேட்டுவிட்டேன். ராசு தலையைக் குனிந்துகொண்டார். உங்கப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

நான் கேட்டதுதான் நடந்தது. களத்தில் ஓட்டிப் பார்த்தார், நேராகப் போகிற வரைக்கும் ஒன்றுமில்லை. கட்டுத்தரைப் பக்கம் திருப்பும்போது கியரை மாற்றப் போய் கிளட்ச் கை நழுவிவிட்டது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளித் தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றது. வெட்டின காலின் முனை இரும்புக் குழாயில் இடித்து ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டு வந்தோம், உன்னிடம் போனில் சளிக்குப் போனோம் என்று சொன்னது இதைத்தான். மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அந்தப் பழைய படுக்கையே திரும்பி வந்துவிட்டது என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. நாலாம் நாள் சொன்னேன், எஞ் ஸ்கூட்டரு இஞ்சின எடுத்துக்கோங்க, அதுல கிளட்சுமில்ல கியருமில்ல, பெல்ட்டுலயே ஓடுது, வலது காலு ஒண்ணு போதும். அவர் திரும்பிப் படுத்து, அப்ப பால் சொசைட்டிக்கு நீ எதுல போவ என்று கேட்டார். நான் அப்போதுதான் பால் கறந்து, சாணி அள்ளி, குச்சிக்கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து நின்றேன். எனக்குத்தான் ரெண்டு காலு இருக்குதல்லோ, நடந்துக்கறேன் என்று சொல்லிவிட்டேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை சாமி. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்ததுதான். அவர் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. எனக்கும் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன். விடிந்து பார்த்தால் ஸ்கூட்டரை வாசலில் சாய்த்துப் போட்டு, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அப்புறம் பல்சக்கரம் பார்த்தார்கள். ஸ்கூட்டரின் பின்சக்கரம் இருந்த இடத்தில் ஒரு பல்சக்கரம், அதிலிருந்து செயின் உன் வண்டியின் ஆக்சிலுக்கு. இஞ்சின் பக்கம் பதினாலு பல், ஆக்சில் பக்கமும் பதினாலு பல் வைத்து ஓட்டினார். களத்தில் பறந்தது. ஆனால் ஏரிக்கரை ஏற்றத்தில் போனதும் இஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி நகரவில்லை, ரப்பர் கருகுகிற நாற்றம், ராசு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். போச்சு, மறுபடியும் படுத்துவிடுவார் என்று நினைத்தேன். படுக்கவில்லை. கொட்டகைத் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். என்னையே கூப்பிட்டுச் சொன்னார், முதல் தடவையாக. பின்னால பல்லக் கூட்டுனா வேகம் கொறையும், இழுவ கூடும், எனக்கு எதுக்கு வேகம், இந்த மேடு ஏறோணும் அவ்வளவுதான் என்றார். முன்பிருந்த வீம்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, கியர் வேண்டும் என்று குதித்த மனுஷனா இவர் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். திருச்செங்கோட்டில் தேடி ராசு இருபத்தெட்டுப் பல் சக்கரம் கொண்டுவந்து மாட்டினார். சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகம்தான். ஆனால் ஏற்றத்தில் நிற்காமல் ஏறியது.

போன வியாழக்கிழமை காலையில் நான் பால் கேனைத் தூக்கிக்கொண்டு இட்டேரி மண்பாதை வழியாக நடந்துபோகிறேன். ஸ்கூட்டர் போன நாளிலிருந்து அப்படித்தான், பாதி வழியில் கேனை இறக்கி வைத்துத் தோளை மாற்ற வேண்டியிருக்கிறது. பின்னாலிருந்து சத்தம் வந்தது. அவர்தான். பக்கத்தில் நிறுத்தி, கேன இப்படி வையி என்று தொடைக்கு நடுவே இடம் காட்டினார். வைத்தேன். போய்விட்டார். வண்டியில் ஒரு சீட்டுதானே. நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். பதினாலு மாதமாக ஊர்க்காரர் கண்ணில் படாமலிருந்தவர், சொசைட்டியில் அத்தனை பேர் நடுவில் போய் என்ன ஆகப்போகிறாரோ, யாராவது ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன். போய்ப் பார்த்தால் வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். பால் அளக்கிற சரிதா கூட அளவையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள். என்ன இஞ்சினுங்க மாமா, ஆக்சில் எங்கெ புடிச்சீங்க, மேடு ஏறுதுங்களா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். உங்கப்பா பழைய தொண்டையில் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சட்டம் எம்புள்ள செஞ்சது என்றும் சொன்னார். காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் என்று எழுத வரவில்லை கண்ணு. அசதிதான் வந்தது. பதினாலு மாத அசதியும் ஒன்றாக வந்த மாதிரி அங்கிருந்த தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சரிதா தண்ணீர் கொடுத்தாள்.

நீ அடுத்த முறை பேசும்போது இதையெல்லாம் நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. உன் சட்டத்தில் இரண்டு இடத்தில் அறுத்து ஒட்டியிருக்கிறார்கள், அதற்கும் ஒன்றும் சொல்லாதே. குளிருக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, ராகி மாவு தீர்ந்தால் சொல், அங்கே கிடைக்கிறதை எல்லாம் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கச் சொல்லி உன் பெரியம்மா நச்சரிக்கிறாள், நான் இப்போதைக்கு வாயைத் திறக்கவில்லை.

இதை மடிக்கப் போன நேரத்தில் உங்கப்பா கொட்டகையிலிருந்து கூப்பிட்டார். ராசு டேப்பை வைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தை அளந்துகொண்டிருந்தார். சென்னி, உன்ற எடை எவ்வளவு என்று கேட்டார் உங்கப்பா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. எதுக்குங்க என்றேன். இருபத்தெட்டு ரெண்டாளுக்குப் பத்தாது, முப்பத்தாறு போடலாமான்னு பாக்கறேன், எடையச் சொல்லு என்றார், தலை நிமிராமல். தெரியலீங்க, ஒரு அறுபது இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்து, இதை எழுதி முடிக்கிறேன்.

எங்கிருந்தாலும் நீ மகராசியாக இரு, நம் குலதெய்வம் உன் கூடவே நிற்கும்.

உன் அம்மா,
கா. சென்னியம்மாள்