விளக்குக்கும் பூதத்துக்கும் நடுவே

மார்ச் 3, செவ்வாய்
மன்னிக்கணும். கேமில் வரும் பிழைகளைக் குறித்துவைக்க ஆபீஸில் கொடுத்த நோட்டு இது. என் சொந்தக் கதையை இதில் எழுதுவது தப்புதான். கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். யாரும் புரட்ட மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் கேம் செய்யும் நாங்கள் மூன்றே பேர். நிரல் எழுதும் கேப்டன், படம் வரையும் அக்கா, வசனம் எழுதும் நான். பழைய ஜப்பானிய கேம்களின் பாணி: நாலு நண்பர்கள் ஊர் ஊராக நடந்து, முறை வைத்துச் சண்டை போட்டு, முடிவில் பூதத்தைச் சந்திப்பார்கள். இருபதாம் தேதி முதல் அத்தியாயம் வெளியாகிறது.

வேலைக்குச் சேரும்போது கேப்டன் கேட்டார்: "பழைய கேமெல்லாம் ஆடியிருக்கியாம்மா?"
"ஆடியிருக்கேன்."
ஆடியதில்லை. பார்த்திருக்கிறேன். மாடி வீட்டுப் பெண் ஆடுவாள்; நான் கதவோரம் நிற்பேன். மூன்று வருஷம். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரை அவள் தந்ததில்லை, நான் கேட்டதுமில்லை.

மார்ச் 5, வியாழன்
பூதம் இருக்கும் கோட்டையின் வாசல் காட்சியை எழுதி முடித்தேன். வாசலில் ஒரு விளக்கு. அதைத் தொட்டால் அதுவரை ஆடியது பதிவாகும். தோற்றால் அங்கிருந்துதான் மறுபடி. விளக்கைத் தாண்டியதும் நால்வரும் நாலு நிமிஷம் மனம்விட்டுப் பேசுகிறார்கள். பிறகு பூதம்.
"அழ வச்சிட்டியேடி" என்றாள் அக்கா. கொஞ்சம் மூச்சு வந்தது.

மார்ச் 9, திங்கள்
கேப்டன் ஆடிப் பார்த்தார். பூதத்திடம் தோற்றார். மறுபடி விளக்கு, மறுபடி என் நாலு நிமிஷம். ஏழாவது தடவை அவரே வசனத்தை முந்திக்கொண்டு சொன்னார்: "'நாம திரும்பி வருவோமா?' வராம எங்க போறோம், காலையிலேர்ந்து வந்துக்கிட்டேதான் இருக்கோம்." அக்கா சிரித்ததில் டீ சிந்தியது. நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விளக்குக்கு அப்புறமா யாராச்சும் இவ்ளோ பேச விடுவாங்களா? ஒரு தடவை தோத்திருந்தாலே தெரியுமே."

நான் தோற்றதே இல்லையே. மாடி வீட்டில் அவள் தோற்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் — கேமில் இருப்பவர்கள் மறுபடி பேசுவார்கள்.

மார்ச் 10, செவ்வாய்
தெரிஞ்சிருச்சா? தெரியாமலா அப்படிப் பார்த்தாரு? போகச் சொல்லிட்டா அப்பாகிட்ட என்னன்னு சொல்றது. வீட்டுல மொத டிகிரி நான். தெரு முழுக்க "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல கதை எழுதுது"ன்னு சொல்லி வச்சிருக்காரு.

மார்ச் 11, புதன்
சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்; காய்ச்சல் இல்லை.

மார்ச் 12, வியாழன்
சொல்லிவிட்டேன். கேப்டன் கேமில் விளக்கைத் தூக்கி, பேச்சு முடியும் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.
"அண்ணா, நான் ஒரு கேமும் ஆடினதில்ல. பக்கத்துல நின்னு பார்த்ததுதான். அன்னைக்குப் பொய் சொன்னேன்."
மவுஸ் நின்றது.
"கோவம்தான் வருது" என்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா ஏழு தடவை செத்திருக்க மாட்டேன்." அப்புறம், "வசனத்துல கை வைக்காத. நல்லாயிருக்கு. இன்னும் எதையாச்சும் மறைச்சு வச்சிருக்கியா?"
"இல்லண்ணா."
அதுவும் பொய்தான். இந்த நோட்டின் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவே.

மார்ச் 13, வெள்ளி
வேலைக்குச் சீக்கிரம் போய்விட்டேன். கேப்டன் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், கதவோரமே நின்றேன். பூதம் அடித்தது, தோற்றார். புது இடத்தில் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை அந்த நாலு நண்பர்களும் பேசவில்லை; நேரே பூதம்.
உள்ளே போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.
"அண்ணா, கன்ட்ரோலரை ஒரே ஒரு தடவை என்கிட்ட குடுங்களேன்."